பூச்சிக்கு மருந்து "பழகிடுச்சாம்"!

"அந்த மருந்து பூச்சிக்குப் பழகிப் போச்சுங்க. இப்ப கேக்க மாட்டேங்குது."

விவசாயம் பத்தி எழுதுற நம்ம பதிவர்களோட பக்கங்கள்லயும், அதுக்கு வர்ற பின்னூட்டங்கள்லயும் நான் அதிகமா பார்த்த வாக்கியம் இதுதான். எழுதுறவர் ரசாயனக் கட்சியா இருந்தாலும் சரி, இயற்கை விவசாயம்னு கொடி பிடிக்கிறவரா இருந்தாலும் சரி, மத்த எல்லாத்துக்கும் சண்டை போட்டுக்குவாங்க. இந்த ஒரு வாக்கியத்துல மட்டும் தோள்ல கை போட்டுக்குவாங்க. முதல் ஆள் "அதனால இதைவிட வீரியமான மருந்து வேணும்"னு முடிப்பார். ரெண்டாவது ஆள் "அதனால இயற்கை மருந்து அடிங்க, அதுக்குப் பூச்சி பழகாது"ன்னு முடிப்பார்.

ரெண்டுமே தப்பு. இந்தப் பதிவு ரெண்டு கட்சிக்கும் எதிரானது. முன்னாடியே சொல்லிட்டேன், அப்புறம் வந்து "நீங்க எந்தப் பக்கம் சார்?"னு கேக்கக் கூடாது.

டிஸ்கி: நான் பூச்சியியல் படிச்சவன் இல்லை. சோறு போடுற வேலை வேற. ராத்திரி தூக்கம் வராதப்ப இந்த மாதிரி சமாச்சாரங்களைத் தேடித் தேடிப் படிக்கிற வியாதி, அவ்வளவுதான். பதிவு நீளம். பொறுமை இருக்கிறவங்க மட்டும் உள்ள வாங்க.

ஏன் ஆப்பிள்?

பேசப்போறது ஆப்பிள் தோட்டத்துப் பூச்சியைப் பத்தி. "ஏன்யா, நம்ம ஊர்ல மாமரம் இல்லையா?"ன்னு கேப்பீங்க. இருக்கு. ஆனா மருந்து அடிச்சு அடிச்சு ஒரு பூச்சியை எப்படி நாமளே வளர்த்து விட்டோம்கிற கதை, நூறு வருஷத்துக்கு மேல தொடர்ச்சியா எழுதி வெச்சிருக்கறது ஆப்பிள்லதான். அந்தப் பூச்சியோட பேரு காட்லிங் அந்துப்பூச்சி. ஆப்பிளை ரெண்டா வெட்டினா நடுவுல விதைப் பக்கம் குடைஞ்சு உக்காந்திருக்குமே ஒரு புழு, கார்ட்டூன்ல எல்லாம் தலையை நீட்டிப் பார்க்குமே, அதுதான்.

இதோட வாழ்க்கையைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும், இல்லேன்னா பின்னாடி வர்றது புரியாது. தாய் அந்துப்பூச்சி இலை மேலயோ காய் மேலயோ தனித்தனியா முட்டை வைக்கும். பொரிஞ்சு வர்ற புழு வெளிய சுத்துறது கொஞ்ச நேரம்தான். காயைத் தேடி ஊர்ந்து போய், தோலைத் துளைச்சு, உள்ள போயிடும். போயிட்டா முடிஞ்சது. அப்புறம் மேல என்ன தெளிச்சாலும் அதுக்கு மழை பெஞ்ச மாதிரி. வளர்ந்ததும் வெளிய வந்து, மரப்பட்டைக்கு அடியில கூடு கட்டித் தூங்கும்.

ஆக, தோட்டக்காரருக்குக் கிடைக்கிற வாய்ப்பு அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான். அந்த நேரத்துல காய்த்தோல்ல மருந்து இருக்கணும், அது கொல்லுற அளவுக்கு இருக்கணும். அதனாலதான் "எப்பவுமே ஏதாவது ஒண்ணு பூசியிருக்கணும்"கிற வழக்கம் வந்தது. இதுல நம்ம பங்கும் இருக்கு. புழுக் குத்துன ஒரு ஆப்பிள் தட்டுல இருந்தா அந்தக் கடைப் பக்கமே போக மாட்டோமே நாம!

நூறு வருஷத்துப் பாட்டு

1892-ல அமெரிக்காவில் லெட் ஆர்சனேட்ங்கிற மருந்து வந்தது. பேர்லயே இருக்கு பாருங்க, ஈயமும் ஆர்சனிக்கும். வேற ஒரு பூச்சிக்காகக் கண்டுபிடிச்சதை ஆப்பிள் தோட்டங்கள் அப்படியே அள்ளிக்கிச்சு. 1920-கள்ல, அமெரிக்க ஆப்பிள்ல ஆர்சனிக் இருக்குன்னு பிரிட்டன் புகார் பண்ண, பறிச்ச ஆப்பிளை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல கழுவி அனுப்புற நிலைமை வந்தது. மருந்தை நிறுத்தலாமான்னு யோசிக்கலை. ஆப்பிளை ஆசிட்ல கழுவினாங்க. ரூம் போட்டு யோசிச்சிருப்பாங்களோ!

அதே காலத்துலதான் ஹாஃப்ங்கிற பூச்சியியலாளர், கொலராடோவில் இருந்து வந்த புழுவையும் வர்ஜீனியாப் புழுவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தார். கொலராடோவில் பல வருஷமா தீவிரமா மருந்து அடிச்சிருந்தாங்க. அந்த ஊர்ப் புழு, மருந்து பூசின காயைத் துளைச்சு உள்ள போறதுல கில்லாடியா இருந்தது. 1928-ல அதை எழுதினார். அதுக்கும் முன்னாடி, 1914-லயே மெலாண்டர்ங்கிறவர் வாஷிங்டன் மாநிலத்துல சான் ஹோசே செதில் பூச்சியை வெச்சு "பூச்சிகள் மருந்தை எதிர்த்து நிக்குமா?"ன்னு கேள்வி கேட்டிருந்தார். பதில் "நிக்கும்". ஆக, 1914-லயே தெரியும். யாருக்கும் தெரியாம நடந்த விபத்து இல்லை இது.

ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் டி.டி.டி. வந்தது. அதைப் பூச்சிக்கொல்லின்னு கண்டுபிடிச்ச பால் முல்லருக்கு 1948-ல நோபல் பரிசு. காட்லிங் பிரச்சினை ஒழிஞ்சதுன்னே நினைச்சாங்க. 1950-கள்லயே பல இடங்கள்ல அது தோத்துப்போச்சு. அப்புறம் அசின்ஃபாஸ்-மீத்தைல். இது ஆர்கனோபாஸ்பேட் வகை. முப்பது வருஷம் கிட்டத்தட்ட தனி ஆவர்த்தனம். 1980-களோட கடைசியில கலிஃபோர்னியாவில் அதுவும் சறுக்க ஆரம்பிச்சது. அந்தப் பக்கம் தெற்கு பிரான்சுல, புழு தோல் உரிக்கிறதையே தடுக்கிற டைஃப்ளூபென்சுரான்ங்கிற மருந்து 1990-களோட தொடக்கத்துல கேக்காமப் போச்சு.

ஒவ்வொரு தடவையும் அதே பல்லவிதான். "பழகிப் போச்சு. அடுத்ததைக் கொண்டு வா."

யாரும் பழகலை

இப்ப விஷயத்துக்கு வர்றேன். "பழகிடுச்சு"ன்னா என்ன அர்த்தம்? காரம் சாப்பிட்டுப் பழகுற மாதிரி, ஒரு புழு முதல்ல கொஞ்சம் விஷம் தின்னுது, அப்புறம் இன்னும் கொஞ்சம், அப்புறம் அதுக்கு ஒண்ணும் ஆகறதில்லை. இதுதானே படம்?

நடக்கறது இது இல்லை. எந்தப் புழுவும் பழகலை. செத்தது செத்துப் போச்சு. லட்சத்துல ஏதோ சிலது பொறக்கும்போதே கொஞ்சம் வேற மாதிரி பொறந்தது. அது சாகலை. சுத்தி இருந்ததெல்லாம் செத்ததால அதுக்குப் போட்டியே இல்லாமப் போச்சு. அடுத்த தலைமுறைக்கு அப்பா அம்மா ரெண்டுமே அந்தக் கூட்டத்துல இருந்துதான் வரணும், வேற வரன் இல்லை. அதாவது, ஊர்ல இருந்த நோஞ்சான் மாப்பிள்ளையை எல்லாம் நாமளே ஒழிச்சுக்கட்டி, பயில்வானுக்கும் பயில்வானுக்கும் நாமளே ஜாதகம் பார்த்து முகூர்த்தம் குறிச்சுக் கல்யாணம் பண்ணி வெச்சிருக்கோம். வருஷத்துக்கு ரெண்டு மூணு தலைமுறை. இதை நாற்பது வருஷம் செஞ்சா என்ன ஆகும்?

(பின்னூட்டத்துல யாராவது வருவீங்கன்னு தெரியும்: "விஷம் பட்டதும் ஒரு தனிப் பூச்சிக்குள்ளயே சில நொதிகள் கூடுமே?" ஆமா, கூடும். ஆனா தோட்டம் தோட்டமா மருந்து தோத்துப் போறது அதனால இல்லை. தலைமுறை தலைமுறையா கைமாறுற சொத்துனால.)

அந்தச் சொத்து என்ன? பெரும்பாலும் என்சைம். பள்ளிக்கூடத்துல நொதின்னு படிச்சோமே, அதேதான். மூணு குடும்பம் இருக்கு.

முதலாவது எஸ்டரேஸ். கத்திரிக்கோல் வேலை. மருந்து மூலக்கூறுல எஸ்டர் பிணைப்புன்னு ஒரு இணைப்பு இருந்தா அதை வெட்டி விடும். சில சமயம் வெட்டக்கூட வேணாம், பிடிச்சு வெச்சுக்கிட்டாலே போதும்.

ரெண்டாவது சைட்டோகுரோம் பி450. மருந்து மேல ஒரு ஆக்சிஜனைச் சொருகும். அதுவரைக்கும் கொழுப்புல ஒட்டிக்கிட்டு இருந்தது, தண்ணியில கரையுற பொருளா மாறி வெளியேறிடும்.

மூணாவது குளூட்டதயோன் டிரான்ஸ்பரேஸ். மருந்து முதுகுல குளூட்டதயோன்ங்கிற மூட்டையைக் கட்டி "கிளம்பு"ன்னு அனுப்பிடும்.

இதெல்லாம் நம்ம மருந்துக்காகப் புதுசா உண்டானதும் இல்லை. செடிகள் கோடிக்கணக்கான வருஷமா தங்களைக் காப்பாத்திக்க விஷம் தயாரிக்குது. அதைத் தின்கிற பூச்சிகள் அதே கோடிக்கணக்கான வருஷமா அதை உடைச்சுக்கிட்டு இருக்கு. நம்ம கல்லீரல்லயும் பி450 இருக்கு. நாம முழுங்குற மாத்திரைகள்ல பலதையும் உடைச்சு வெளியேத்துறது அதுதான். பூச்சிகிட்ட ஏற்கெனவே ஆயுதக் கிடங்கு இருந்தது. நாம செஞ்சதெல்லாம், யார்கிட்ட பெரிய கிடங்கு இருக்கோ அவனை மட்டும் உயிரோட விட்டது.

எவ்வளவு பெரிய கிடங்கு? பீச் மரத்துல குளிர்காலத்தைக் கழிக்கிற ஒரு அசுவினி இருக்கு. பச்சை பீச் அசுவினின்னு சொல்வாங்க. இங்கிலாந்துல ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்துல 1980-கள்ல இதைப் பிரிச்சு மேஞ்சாங்க. சாதாரண அசுவினியில ஒரு குறிப்பிட்ட எஸ்டரேஸ் மரபணு ஒரு நகல் இருந்தா, மருந்தைத் தாங்குற அசுவினியில அதே மரபணு எண்பது நகல் வரைக்கும் இருந்தது! உடம்புல இருக்கிற மொத்தப் புரதத்துல 1 சதவீதத்துக்கு மேல அந்த ஒரே நொதி. அது மருந்தை வெட்டுறது என்னவோ மெதுவாத்தான். ஆனா அளவு அவ்வளவு இருக்கறதால, பந்தியில போட்ட சோறு ரசத்தை உறிஞ்சுற மாதிரி மருந்தை உறிஞ்சிடும். நரம்புக்குப் போய்ச் சேர ஒண்ணும் மிஞ்சாது.

இதைப் போய்ப் "பழகிடுச்சு"ன்னு சொன்னா எப்படி மக்கா?

வார்த்தையில என்ன இருக்கு?

"சரிப்பா, வார்த்தைதானே, விடேன்"னு சிலர் சொல்வீங்க. விட முடியாது. தப்பான வார்த்தையில இருந்து தப்பான வேலை மூணு பொறக்குது.

முதல் தப்பு: அளவைக் கூட்டுறது. பழகிடுச்சுன்னா இன்னும் கொஞ்சம் கூட்டினா சரியாகிடும்னுதானே தோணும்? கலிஃபோர்னியாவில் அசின்ஃபாஸ்-மீத்தைலைத் தாங்கின காட்லிங், சாதாரணப் பூச்சியைவிடப் பத்து மடங்குகூடத் தாங்கலை. சின்ன எண்தான். ஆனா மேல சொன்ன அந்தக் "கொஞ்ச நேரம்" ஞாபகம் இருக்கா? காய்த்தோல்ல இருக்கிற மருந்து வெயில்ல, மழையில நாளுக்கு நாள் குறையுது. முன்னாடி பல நாள் கழிச்சுப் பொரிஞ்ச புழுவையும் கொன்ன பூச்சு, இப்ப முதல் சில நாள்தான் கொல்லும். அப்ப என்ன பண்ணுவாங்க? அளவைக் கூட்டுவாங்க, இல்லேன்னா அடிக்கடி அடிப்பாங்க. அதையும் தாண்டிப் பிழைச்சது இன்னும் பெரிய பயில்வான். கல்யாணம் தொடரும்.

ரெண்டாவது தப்பு: பேரை மாத்துறது. இதுதான் நொதி விஷயத்துல பெரிய கண்ணி. மருந்து எந்த இடத்தைத் தாக்குதோ அந்த இடம் மாறியிருந்தா, வேற இடத்தைத் தாக்குற மருந்துக்கு மாறினாப் போதும். மருந்துக் கம்பெனிகளே சேர்ந்து 1984-ல ஒரு குழு அமைச்சு, தாக்குற இடத்தை வெச்சு மருந்துகளை வகை பிரிச்சு எண் போட்டு, "எண்ணை மாத்தி மாத்தி அடிங்க"ன்னு சொல்றாங்க. நல்ல யோசனைதான். ஆனா நொதி, மருந்து எங்க தாக்கப்போகுதுன்னு பார்க்கறதில்லை. அது வாசல்லயே பிடிச்சு உடைக்குது. தெற்கு பிரான்சுல அதுதான் நடந்தது. டைஃப்ளூபென்சுரானைத் தாங்கின காட்லிங் கிட்ட பி450-யும் குளூட்டதயோன் டிரான்ஸ்பரேஸும் எகிறியிருந்தது. அதே பூச்சி, முற்றிலும் வேற வேலை செய்யுற டெபுஃபெனோசைடையும் ஓரளவு தாங்கினது, அசின்ஃபாஸையும் தாங்கினது. கடைக்கு வந்த புது மருந்துக்குப் பூச்சி ஏற்கெனவே தயார்.

நியாயமா இன்னொண்ணும் சொல்லணும். எல்லா மருந்தும் இப்படித் தோத்துடும்னு இல்லை. கலிஃபோர்னியாவில் அசின்ஃபாஸைத் தாங்கின அதே காட்லிங், அதே ஆர்கனோபாஸ்பேட் குடும்பத்தைச் சேர்ந்த குளோர்பைரிஃபாஸுக்குச் சாதாரணப் பூச்சியைவிடச் சீக்கிரம் செத்தது! இந்த வகை மருந்துகள்ல சிலதைப் பூச்சியோட சொந்த பி450-தான் கொடிய விஷமா மாத்துது. அதே நொதிக் குடும்பம்தான் உடைக்கவும் செய்யுது. எந்தக் கை முந்துதுங்கறது மருந்துக்கு மருந்து மாறும். இதுல இருந்து தெரியுறது என்ன? உங்க தோட்டத்துப் பூச்சியை ஆய்வகத்துல சோதிச்சுப் பார்க்காம "இதை விட்டுட்டு அதை அடி"ன்னு சொல்றது, ரத்தப் பரிசோதனை இல்லாம ஊசி போடுற மாதிரி. கவுன்ட்டர்ல நின்னுக்கிட்டு "அது கேக்கலையா, இந்தாங்க டபுள் பவர்"னு டப்பாவை நீட்டுறவர் அதைத்தான் செய்யறார்.

மூணாவது தப்பு: குத்தத்தைத் தள்ளிவிடறது. பழகினது பூச்சி, அதனால தப்பு பூச்சியோடது. இல்லேன்னா சரியாக் கலக்கத் தெரியாத விவசாயியோடது. ஒரே ஆயுதத்தைப் பல்லாயிரம் ஏக்கர்ல வருஷக்கணக்கா ஒரே மாதிரி பயன்படுத்தச் சொன்ன ஏற்பாட்டுக்கு மட்டும் எந்தப் பொறுப்பும் இல்லை. கடனை வாங்கி மரம் வெச்சவன், இந்த வருஷக் காயைக் காப்பாத்தணும்னு துடிக்கிறவன், கையில கிடைச்சதைத்தான் அடிப்பான். அவனைத் திட்டி நான் ஒரு வரிகூட எழுத மாட்டேன்.

ஏறுற நொதியும் இறங்குற நொதியும்

எனக்கு இந்த விஷயத்துல உண்மையிலேயே கோபம் வர்ற இடம் இதுதான்.

அசின்ஃபாஸ் மாதிரியான ஆர்கனோபாஸ்பேட்டுகள் எப்படிக் கொல்லுது? நரம்புக்கு நரம்பு செய்தி போனதும், அந்தச் செய்தியை அழிச்சு அடுத்ததுக்கு இடம் விட ஒரு நொதி இருக்கு. அசெட்டைல்கோலின் எஸ்டரேஸ். மருந்து அந்த நொதியை முடக்குது. செய்தி நிக்காம அடிச்சுக்கிட்டே இருந்து பூச்சி சாகுது. அந்த நொதி பூச்சிக்கு மட்டுமா இருக்கு? எனக்கும் இருக்கு, உங்களுக்கும் இருக்கு, மருந்து டேங்க்கை டிராக்டர்ல இழுத்துக்கிட்டுப் போற கூலித் தொழிலாளிக்கும் இருக்கு.

நம்ம ஊர்ப் பழக்கடையில ஸ்டிக்கர் ஒட்டி அடுக்கியிருந்த வாஷிங்டன் ஆப்பிள் ஞாபகம் இருக்கும். அந்த மாநிலத் தோட்டங்கள்ல மருந்து அடிக்கிற, காய் பறிக்கிற வேலையைச் செய்யறவங்கள்ல பெரும்பாலானவங்க மெக்சிகோவில் இருந்து பிழைக்க வந்தவங்க, இல்லேன்னா அவங்க பிள்ளைங்க. மருந்து கையாளுறவங்களோட ரத்தத்துல இந்த நொதி எவ்வளவு குறையுதுன்னு கட்டாயம் பரிசோதிக்கணும்னு தொழிலாளிகள் கேட்டாங்க. கலிஃபோர்னியாவில் 1970-கள்லயே அந்த ஏற்பாடு வந்தாச்சு. வாஷிங்டன்ல மாநில உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2002-ல தீர்ப்பு வாங்கி, 2004-லதான் பரிசோதனை நடைமுறைக்கு வந்தது. நொதி 20 சதவீதம் குறைஞ்சா, வேலை செய்யுற முறையில என்ன கோளாறுன்னு முதலாளி பார்க்கணும். இன்னும் இறங்கினா அந்த ஆளை அந்த வேலையில இருந்தே விலக்கணும். முதல் பருவத்துலயே, மறுபரிசோதனை செஞ்சவங்கள்ல சுமார் ஐந்தில் ஒருத்தருக்கு 20 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தது.

இப்ப ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒரே தோட்டம், ஒரே மருந்து. பூச்சிக்குள்ள மருந்தை உடைக்கிற நொதி தலைமுறைக்குத் தலைமுறை ஏறுது. தொழிலாளி ரத்தத்துல உயிரைக் காக்கிற நொதி வாராவாரம் இறங்குது. பூச்சிக்கு வருஷத்துக்கு ரெண்டு மூணு தலைமுறை, அது தப்பிச்சுக்கும். மனுஷனுக்கு அந்த வசதி இல்லை. "பழகிடுச்சு, இன்னும் கொஞ்சம் கூட்டு"ன்னு சொல்ற ஒவ்வொரு தடவையும், அந்தக் "கொஞ்சம்" பூச்சி கணக்குல ஏறறதில்லை, அந்த ஆளோட கணக்குல ஏறுது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அசின்ஃபாஸை நிறுத்தப் போறதா 2006-ல முடிவு சொல்லி, ஆப்பிளுக்கு 2012 வரைக்கும் அவகாசம் கொடுத்தது. அது தோத்துக்கிட்டு இருக்குன்னு தெரிஞ்சு இருபது வருஷத்துக்கு மேல. லெட் ஆர்சனேட்டோ இன்னும் மோசம். அடிக்கறதை நிறுத்திப் பல பத்தாண்டு ஆச்சு, பழைய தோட்ட நிலங்கள்ல ஈயமும் ஆர்சனிக்கும் மேல் மண்ணுலயே இன்னும் கிடக்கு. அங்க வீடும் பள்ளிக்கூடமும் கட்டினாங்க.

இயற்கைக் கட்சி, சிரிக்க வேணாம்

"அதான் நாங்க அப்பவே சொன்னோமே"ன்னு கிளம்பாதீங்க. உங்களுக்கும் இருக்கு.

காட்லிங் புழுவுக்குன்னே ஒரு வைரஸ் உண்டு. கிரானுலோ வைரஸ். 1960-கள்ல மெக்சிகோவில் செத்த புழுக்கள்ல கண்டுபிடிச்சாங்க. மனுஷனுக்கோ தேனீக்கோ ஒண்ணும் செய்யாது. புழுவை மட்டும் நோய் வந்து சாகடிக்கும். ஐரோப்பாவில் இயற்கை ஆப்பிள் தோட்டங்கள் இதைத் தலைமேல வெச்சுக் கொண்டாடுச்சு. இதைவிட "இயற்கை"யா ஒண்ணு கிடைக்குமா? ஆனா அங்க வித்த அத்தனை தயாரிப்பும் அந்த ஒரே மெக்சிகோ வைரஸோட வாரிசு. பருவத்துக்குப் பல தடவை, வருஷா வருஷம், அது ஒண்ணையே அடிச்சாங்க.

2005 வாக்கில் ஜெர்மனியில, அதுவும் இயற்கைத் தோட்டங்கள்ல, புழு சாகாம நின்னது. ஆயிரம் மடங்குக்கு மேல தாங்கின கூட்டங்கள். அடுத்து பிரான்சுலயும். இது மருந்தை உடைக்கிற நொதிகளோட வேலை இல்லை. பால் குரோமோசோம்ல இருந்த ஒரு மரபணு மாற்றம் மூலமா வந்ததுன்னு 2007-ல கண்டுபிடிச்சாங்க. வழி வேற, கல்யாணப் புரோக்கர் அதே ஆள்தான். அப்புறம் வேற ஊர்கள்ல கிடைச்ச வேற வைரஸ் வகைகளைக் கொண்டு வந்து சமாளிச்சாங்க.

இன்னொரு உதாரணம். ஜப்பான்ல ஷிசுவோகா தேயிலைத் தோட்டங்கள்ல ஒரு அந்துப்பூச்சிக்கு, பெண் பூச்சியோட வாசனையைத் தோட்டம் பூரா பரப்பி ஆணைக் குழப்புற முறையைப் பல வருஷம் பயன்படுத்தினாங்க. ஒரே ஒரு வாசனைப் பொருள். 1990-கள்ல அதையும் தாண்டி ஆண் பூச்சி பெண்ணைக் கண்டுபிடிக்க ஆரம்பிச்சிடுச்சு. பல பொருள் சேர்ந்த கலவைக்கு மாத்தினதும் மறுபடி குழம்புச்சு.

ஆக, பாட்டில்ல என்ன இருக்குங்கறதைவிட, ஒரே பாட்டிலையே எத்தனை வருஷம் சாய்க்கிறோம்ங்கறதுதான் கேள்வி. வேப்பெண்ணெயா இருந்தாலும் சரி, வைரஸா இருந்தாலும் சரி. "இயற்கை மருந்துக்குப் பூச்சி பழகாது"ங்கறது, "டபுள் பவர்"னு டப்பா நீட்டுறவரோட வாக்கியத்துக்கு அண்ணன் தம்பி முறை.

சரி, என்னதான் பண்ணச் சொல்றே?

நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை. ஏற்கெனவே செஞ்சு காட்டியாச்சு.

காட்லிங் பெண் பூச்சியோட வாசனைப் பொருளை 1971-ல கண்டுபிடிச்சாங்க. 1991-ல அமெரிக்காவில் அதை மரத்துல கட்டித் தொங்கவிட அனுமதி கிடைச்சது. ஆனா ஒரு தோட்டக்காரர் மட்டும் கட்டினா வேலைக்கு ஆகாது; பக்கத்துத் தோட்டத்துல ஜோடி சேர்ந்த பெண் பூச்சி வேலி தாண்டி வந்து முட்டை வைக்கும். அதனால 1995 முதல் 1999 வரைக்கும் வாஷிங்டன், ஓரிகன், கலிஃபோர்னியா மாநிலங்கள்ல பகுதி பகுதியா தோட்டக்காரர்களைச் சேர்த்து ஒரு திட்டம் நடத்தினாங்க. வேலிகளை மறந்துட்டு ஒரே நிலமா நினைச்சு வாசனைக் கட்டு, பொறி வெச்சு வாராவாரம் எண்ணிக்கை, தேவைப்பட்ட இடத்துல மட்டும் மருந்து. ஆர்கனோபாஸ்பேட் செலவு பெருமளவு குறைஞ்சது, காய்ச் சேதம் கூடலை. கனடாவில் ஒகனாகன் பள்ளத்தாக்குல, மலடாக்கின அந்துப்பூச்சிகளை வளர்த்துப் பறக்க விடுற திட்டத்தை 1990-கள்ல தொடங்கினாங்க. அதுவும் ஊரே சேர்ந்து வரி கட்டி நடத்தினது.

இதுக்கெல்லாம் முன்னாடி தாத்தா காலத்து வேலை ஒண்ணு: மரத்தண்டுல சொரசொரப்பான அட்டையைச் சுத்திக் கட்டினா, கூடு கட்ட வர்ற புழு அதுக்குள்ள போய் உக்காரும். அவிழ்த்து எரிச்சுடலாம். எண்பது நகல் எஸ்டரேஸ் இருந்தாலும் நெருப்பை உடைக்கிற நொதி எதுக்கும் கிடையாது :-)

இன்னொரு நல்ல சேதியும் உண்டு. பயில்வானா இருக்கறதுக்குச் செலவு ஆகும். மருந்தைத் தாங்குற பிரெஞ்சு காட்லிங், மருந்து இல்லாத இடத்துல சாதாரணப் பூச்சியைவிட மெதுவா வளர்ந்தது, குறைவா முட்டை வெச்சது. எஸ்டரேஸ் நிறைஞ்ச அசுவினி குளிரையும் மழையையும் தாங்க முடியாமச் செத்தது, "ஆபத்து"ன்னு சக அசுவினி விடுற வாசனைக்கும் மந்தமா நகர்ந்தது. அதாவது, ஆயுதத்துக்கு ஓய்வு கொடுத்தா நோஞ்சான் பரம்பரை திரும்ப எழுந்திரிக்க வாய்ப்பு இருக்கு. மருந்தே வேணாம்னு நான் சொல்லலை. தேவைப்படுற நாள்ல வேலை செய்யணும்னா, தேவைப்படாத நாள்ல அதை உறைக்குள்ள வெச்சிருக்கணும்.

இதுல இந்தியாவுக்கு என்ன? லடாக்குல காட்லிங் இருக்கு. காஷ்மீர்ப் பள்ளத்தாக்குத் தோட்டங்களுக்கு அது இறங்கிடக் கூடாதுன்னுதான் லடாக்கோட பச்சைப் பழங்களை வெளிய கொண்டுபோக நெடுங்காலம் தடை இருந்தது. அதனால லடாக் விவசாயி பட்ட நஷ்டமும் கொஞ்சம் இல்லை. பூச்சியைத் தடுக்கணும்னு கவலைப்படுறது சரி. அது வெளிநாட்டுல இருந்து வர்றப்ப, நூறு வருஷமா சேர்த்த நொதிச் சொத்தையும் மடியில கட்டிக்கிட்டு வரலாம்ங்கிற கவலையும் சேர்ந்து இருக்கணும். அப்ப "பழகிடுச்சு"ன்னு சொல்லக்கூட நேரம் இருக்காது. வந்து இறங்கும்போதே பல மருந்துகள் தோத்திருக்கும்.

இன்னும் பதிவு எழுதிக்கிட்டு இருக்கிற நாலஞ்சு பேருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை "பூச்சிக்குப் பழகிடுச்சு"ன்னு தட்டச்ச விரல் போனா, ஒரு நிமிஷம் நிறுத்தி "பிழைச்ச பூச்சியை நாம தேர்ந்தெடுத்துட்டோம்"னு எழுதிப் பாருங்க. வாக்கியம் கொஞ்சம் நீளம்தான். ஆனா அந்த வாக்கியத்துல எழுவாய் "நாம". அதுக்கு அடுத்த வரியில "இன்னும் கொஞ்சம் கூட்டி அடி"ன்னு எழுத கை வராது.

மாற்றுக் கருத்து இருக்கிறவங்க தாராளமா வந்து கும்முங்க. மருந்துப் பேரு, அளவு கேட்டு வர்ற பின்னூட்டங்களுக்கு மட்டும் பதில் கிடையாது.

பி.கு: நல்லெண்ணெய்ப் பிரியர்களுக்கு ஒரு துணுக்கு. செவ்வந்தி இனத்துப் பூவுல இருந்து எடுக்கிற பைரித்ரம் மருந்தோட எள் எண்ணெயைக் கலந்தா அது பல மடங்கு வேகமா வேலை செய்யுதுன்னு 1940-ல அமெரிக்காவில் கண்டுபிடிச்சாங்க. காரணம், எள்ளுல இருக்கிற செசமின் பூச்சியோட பி450 கையைக் கட்டிப் போடுது. இதே தத்துவத்துல செஞ்சதுதான் இன்னிக்குப் பல கொசு, கரப்பான் மருந்து டப்பாக்கள்ல இருக்கிற பைப்பரோனில் பியூடாக்சைடு. உடனே "ஆகா, அப்ப நல்லெண்ணெய் கலந்து அடிச்சாப் போதும்"னு யாரும் அடுத்த பதிவைத் தட்டிடாதீங்க. மேல இவ்வளவு நேரம் எதைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தேன்!